பச்சை வண்டிக்குக் கயிறு பிடித்தது

1974, பிப்ரவரி 11, திங்கள்

காலையில் பனி. எட்டு மணி வரை கடற்கரைச் சாலையில் எதிரே வருகிற ஆள் தெரியவில்லை. இடது பக்கம் பல் வலி. கிராம்பு வைத்தேன், நாக்கு மரத்ததுதான் மிச்சம்.

பச்சை வண்டியை இன்று சரக்கு வைக்கும் கிட்டங்கி ஷெட்டில் ஏற்றியாயிற்று. தள்ளித்தான். நேற்று முத்தையாபுரம் போகும் பாலத்து ஏற்றத்தில் இன்ஜின் கத்துகிறது, வண்டி நகரவில்லை. பின்னால் வந்த மாட்டு வண்டிக்காரன் இறங்கி வந்து, "அண்ணாச்சி, என் மாட்ட அவுத்து முன்னால கட்டட்டா?" என்றான். லோடுமேன்கள் எல்லாம் சிரிப்பு. நானும் சிரித்து வைத்தேன்.

1949 மாடல், சீமைக் கார். பஞ்சாலைத் துரை ஊருக்குப் போகும்போது விட்டுப்போனது. எட்டு வருடமாக என்னிடம். மூட்டை தூக்கின துறைமுகத்துக்குச் சொந்தக் காரில் போய் இறங்க வேண்டும் என்றுதான் வாங்கினேன். ஊரில் வேறு காரணம் சொல்லியிருக்கிறேன். இங்கே எதற்குப் பொய்.

மிக்கேல் வந்து பார்த்தான். முன்னாளில் முத்தும் சங்கும் குளித்தவன். ஒரு காது கெட்டதும் கரையேறி லாரி ஷெட்டில் வேலை பழகினான். இப்போது ஊரில் பழைய சீமை வண்டி எது படுத்தாலும் அவனைத்தான் தேடுகிறார்கள். என் ஷெட்டின் ஒரு மூலை அவனுக்குப் பட்டறை, வாடகை கிடையாது, பதிலுக்கு என் லாரிகளைப் பார்த்துக்கொள்வான். கூடவே அவன் மைத்துனன் தொம்மை. முப்பது வயது, கல்யாணம் ஆகவில்லை, அக்கா பிரகாசி வீட்டில்தான் சோறும் படுக்கையும்.

"கிளட்ச் பிளேட்டு தேஞ்சு போச்சு. அது இருக்கது இந்தா இங்கன" என்று ஒரு சாண் தூரத்தைக் கையால் காட்டினான் மிக்கேல். "ஆனா அதுக்குப் போற வழி மெட்ராசுக்குப் போற வழி அண்ணாச்சி."

கழற்ற வேண்டியவை, அவன் சொன்ன வரிசையில்:
பாட்டரி வயர்.
முன் சீட்டு இரண்டும்.
தரைப் பலகை. திருகாணி பதினாறு, எல்லாம் துரு.
புகைக் குழாய்.
பின் சக்கரத்துக்குப் போகும் நீள ஷாப்ட்.
ஸ்டார்ட்டர் மோட்டார்.
கியர் பாக்ஸைப் பிடித்திருக்கும் போல்ட் ஒன்பது. அதில் மேல் இரண்டும் "பேய் போல்ட்டு".
கடைசியாகக் கியர் பாக்ஸ் (இனி கி.பா.).

வெள்ளிக்கிழமை சாத்தூரிலிருந்து மகளைப் பெண் பார்க்க வருகிறார்கள். ரயில்வே ஸ்டேஷனிலிருந்து வீட்டுக்கு நம் வண்டியில்தான் அழைத்துவர வேண்டும். மிக்கேல் சனிக்கிழமை என்றான். வியாழன் என்றேன். தலையைச் சொறிந்தான்.

பிப்ரவரி 12, செவ்வாய்

பல் வலி குறைவு. வாடைக் காற்று விட்டுவிட்டது, வெயில் ஏறுகிறது. உப்பளத்துக்கு நல்லது.

தரைப் பலகைத் திருகாணி பதினாறில் ஒன்பது வந்தன. மீதிக்குத் தலையே இல்லை. உப்புக் காற்று தின்றுவிட்டது. உளி வைத்துத் தட்டி எடுத்தார்கள். நான் விற்கிற உப்புதான் என் வண்டியையும் தின்கிறது என்று கனகம் சொன்னாள். வீட்டுக்காரி சொல்வதற்கு எதிர்ப்பேச்சு உண்டா.

கழற்றியது எல்லாம் தேங்காய்ச் சிரட்டை சிரட்டையாகத் தனித்தனியே. தொம்மைக்கு எழுத வராது. ஒவ்வொரு சிரட்டையிலும் சாக்பீசால் படம் போடுகிறான். ஸ்டார்ட்டருக்கு நண்டு. ஷாப்டுக்கு விலாங்கு. புகைக் குழாய்க்கு வாயில் சுருட்டோடு ஒரு ஆள். ஆளின் மீசை என் மீசை மாதிரி இருந்தது. கேட்கவில்லை.

ஸ்டார்ட்டர் மோட்டாருக்கு இரண்டு போல்ட். மேலே உள்ளது ஐந்து நிமிடம். கீழே உள்ளதற்கு அரை நாள். கண்ணால் பார்க்கவே முடியாத இடம். மேலிருந்து விட்டால் கை நுழையாது. கீழிருந்து நுழைகிறது, ஆனால் முழங்கை திரும்பாது. மிக்கேல் வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்து, கையை உள்ளே விட்டு, கண்ணை மூடிக்கொண்டான். நான் குனிந்து லைட் அடித்தேன்.

"அணைங்க அண்ணாச்சி. கண்ணு தொறந்திருந்தா விரலுக்குக் குழப்பம்."

கடலுக்கடியில் கலங்கல் தண்ணீரில் இப்படித்தான் சங்கு தேடுவானாம். ஸ்பேனர் நீளம் ஒத்து வரவில்லை. கொல்லன் பட்டறைக்குப் போய்ப் பழுக்கக் காய்ச்சி, பாதியில் வெட்டி, கழுத்தை வளைத்துக் கொண்டு வந்தான். நல்ல ஸ்பேனர் போயிற்றே என்று எனக்கு வயிறு எரிந்தது. ஆனால் வந்துவிட்டது. நட் கீழே விழாமலிருக்க ஆள்காட்டி விரல் நுனியில் கட்டி கிரீஸ், அதில் நட் ஒட்டிக்கொண்டு வெளியே வந்தது. விரலை என் மூக்குக்கு நேரே நீட்டிக் காட்டினான். முத்து எடுத்தவன் காட்டுகிற மாதிரி.

கி.பா.வின் மேல் போல்ட் இரண்டுக்கும் மண்ணெண்ணெயும் தேங்காய் எண்ணெயும் கலந்து ஊற்றி வைத்திருக்கிறது. நாளைக்கு ஊறிவிடும்.

பிப்ரவரி 13, புதன்

பேய் போல்ட் இரண்டும் கழன்றன. காலை ஒன்பதிலிருந்து பகல் ஒன்றரை வரை. காருக்குள் தரை இருந்த இடத்தில் குப்புறப் படுத்து, தோள் வரை எண்ணெய் தடவி, கி.பா.வுக்கு மேலாகக் கையை விட்டு. பாதியில் கை மாட்டிக்கொண்டது. தொம்மை பதறினான். மிக்கேல் உள்ளே இருந்தே, "ஏலே, சும்மா இரு, கையி மூச்சு விடட்டும்" என்றான். கொஞ்ச நேரம் அசையாமல் கிடந்தான். பிறகு தானாக வந்தது.

இனி கி.பா.வைக் கீழே இறக்குவது. முறை இது: இரண்டு கதவுப் படியிலும் தாங்குகிற மாதிரி காருக்குக் குறுக்கே கடப்பாரை. கி.பா.வைச் சுற்றிக் கயிறு கட்டி, தரை ஓட்டை வழியாக மேலே எடுத்து, கடப்பாரையில் இரண்டு சுற்று. கயிற்று நுனி காருக்குள் உட்கார்ந்திருக்கிற ஆள் கையில். மிக்கேல் அடியில் படுத்து கி.பா.வைப் பின்னால் இழுத்து உருவுவான். மேலே இருப்பவனுக்குக் கீழே தெரியாது, கீழே இருப்பவனுக்கு மேலே தெரியாது. கனம் ஒரு சின்ன மூட்டை இருக்கும்.

இன்றே இறக்கிவிடலாமே என்றேன். தொம்மை அப்போது கோயில் வேலையாகப் போயிருந்தான். மிக்கேல் ஒத்துக்கொள்ளவில்லை.

"கயிறு தொம்மதான் பிடிக்கணும்."

"ஏன், லோடுமேன் ஆறு பேரு நிக்கானுவ. நான் நிக்கேன்."

"முத்துக் குளிக்க எறங்கயில பொண்டாட்டி கூடப்பொறந்தவன்தான் மேல நின்னு கயிறு பிடிப்பான் அண்ணாச்சி. எங்க அப்பன் காலத்துலேருந்து அப்படித்தான். அவன் கை தளந்தா அவன் அக்காதான தாலியறுப்பா. வேற எவனுக்கு அந்தப் பயம் இருக்கும்?"

"ஏலே, இது கடலா? ஷெட்டு."

"அடியில படுத்துக் கெடக்கவனுக்கு எல்லாம் கடல்தான்" என்றான். சிரித்தான், ஆனால் வேலையை நிறுத்திவிட்டுக் கை கழுவப் போய்விட்டான்.

எனக்கு எரிச்சல். நாளைக் காலை முதல் வேலை இதுதான் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

பிப்ரவரி 14, வியாழன்

மிக்கேலுக்குக் கையில் அடி. ஆஸ்பத்திரி. எழுத முடியவில்லை.

பிப்ரவரி 15, வெள்ளி

சாத்தூர்க்காரர்கள் வந்தார்கள், டாக்சியில். பலகாரம் சாப்பிட்டார்கள். பையன் நல்ல நிறம், பேச்சு குறைவு. மாப்பிள்ளையின் தாய்மாமன் என் வியாபாரத்தை விசாரித்தார். வாய் பதில் சொல்லிக்கொண்டிருந்தது. போனபின் கனகம், "ஏன் பேயறைஞ்ச மாதிரி உக்காந்திருந்தீங்க, மாப்பிள்ள வீட்டுக்காரங்க என்ன நெனப்பாங்க" என்றாள். பல் வலி என்றேன்.

நேற்று நடந்ததை உள்ளபடி எழுதி வைக்கிறேன். வேறு யாரிடமும் உள்ளபடி சொல்லவில்லை.

காலை ஒன்பதரை. மிக்கேல் அடியில். தொம்மை காருக்குள், கயிற்றோடு. கி.பா. இன்ஜினை விட்டுப் பாதி உருவி வந்து தொங்குகிறது. அந்த நேரம் எனக்குத் தகவல்: தோணியை ஓட்டுகிற தண்டல் என் உப்புக்கு ஒதுக்கிய இடத்தில் வேறு ஆள் சரக்கை ஏற்றப் பார்க்கிறான். லாரி வர இன்னும் ஒரு மணி நேரம். யாராவது போய்த் தண்டலைப் பிடித்து நிறுத்த வேண்டும். தண்டலுக்குத் தொம்மை பழக்கம், ஒரே தெரு. நான் காரின் கதவருகே போய்த் தொம்மையைச் சத்தமில்லாமல் கூப்பிட்டேன்.

"அத்தான் கீழ கெடக்காவ அண்ணாச்சி."

"நான் பிடிச்சிக்கிடுதேன். சைக்கிள எடுத்துட்டு ஓடு. பத்து நிமிசம்."

"அவியகிட்ட ஒரு வார்த்த சொல்லிட்டு..."

"சொன்னா விடமாட்டான். போலே."

அவன் என்னை ஒரு தரம் பார்த்தான். கயிற்றை என் கையில் கொடுத்தான். நான் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். இருபது வருடம் மூட்டை தூக்கின கை, இது என்ன கனம் என்றுதான் நினைப்பு.

அடுத்து தரகர் வந்தார். மணப்பாட்டு நெத்திலிக் கருவாடு, மொத்த லாட்டும். நான்கு நாளாக நானே தேடிக்கொண்டிருந்த சரக்கு. பக்கத்துக் கிட்டங்கிக்காரன் காதில் விழக்கூடாது. தரகர் வாயைத் திறக்கவில்லை. ஜன்னல் வழியாகத் தோள் துண்டை என் மடியில் விரித்து, அதற்கடியில் கையை நீட்டினார். துண்டுக்கடியில் விரலைப் பிடித்து விலை பேசுவது எங்கள் வழக்கம். ஒரு விரல், இரண்டு விரல், மடக்கின விரல், வெளியில் நிற்கிறவனுக்கு ஒன்றும் தெரியாது. என் வலது கை தன்னாலே துண்டுக்கடியில் போய்விட்டது. யோசிக்கவே இல்லை. அது பழக்கம்.

கயிறு இடது கையில் மட்டும்.

அவர் மூன்று விரலைப் பிடித்தார். நான் ஒன்றை மடக்கினேன். கயிறு ஒரு சாண் நழுவியது. ஒரு சாண்தான்.

கீழேயிருந்து சத்தம் வந்தது. அதை எழுத வேண்டாம்.

இரண்டு கையாலும் மேலே இழுத்து, கயிற்றைக் கடப்பாரையில் முடிந்துவிட்டு வெளியே குதித்தேன். லோடுமேன்கள் மிக்கேலை உருவி எடுத்தார்கள். வலது கை. கி.பா.வுக்கும் வண்டியின் குறுக்குச் சட்டத்துக்கும் நடுவில் மாட்டியிருக்கிறது. தரகர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "அய்யய்யோ" என்று சொல்லிக்கொண்டே போய்விட்டார். கயிறு யார் கையில் இருந்தது என்று லோடுமேன்கள் பார்க்கவில்லை. அவர்கள் ஓடி வந்தபோது நான் வண்டிக்கு வெளியே நின்றேன்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் பிரகாசி. மீன் கீறிக்கொண்டிருந்த கையோடு ஓடி வந்திருக்கிறாள், முழங்கை வரை செதில். கேட்ட முதல் கேள்வி, "கயிறு யாரு பிடிச்சா அண்ணாச்சி? என் தம்பி எங்க?"

நான் சொன்னது: "தொம்மை அப்ப அங்கன இல்லம்மா."

அவ்வளவுதான் சொன்னேன். இதில் ஒரு வார்த்தை பொய் கிடையாது. வியாபாரத்தில் இப்படி நூறு தரம் பேசியிருக்கிறேன். எடையைக் குறைக்காமலே ஏமாற்ற முடியும்.

பிரகாசி அப்படியே சுவரோடு சாய்ந்து உட்கார்ந்தாள். பதினொரு மணிக்குத் தொம்மை மூச்சு வாங்க ஓடி வந்தான். அவள் எழுந்து அவன் கன்னத்தில் அறைந்தாள். செதில் அவன் முகத்தில் ஒட்டியது. அவன் துடைக்கவில்லை. என்னைப் பார்த்தான். நான் டாக்டரைப் பார்க்கப் போகிற மாதிரி உள்ளே போனேன்.

பிப்ரவரி 16, சனி

ஆள்காட்டி விரலும் நடுவிரலும் எடுத்துவிட்டார்கள். இரண்டாம் கணு வரை. வலது கை.

மருந்துச் செலவு என்னுடையது என்று சொல்லிவிட்டேன். நர்சம்மா, "நல்ல மொதலாளி" என்றாள். அந்த இடத்தில் நிற்க முடியவில்லை.

டீக்கடையில் காதில் விழுந்தது:

"வேலய விட்டுட்டுத் தோணித் துறைக்கு எதுக்குப் போனானாம்?"

"சேக்காளியப் பாக்கத்தான். வேறென்ன."

"அக்கா வீட்டுச் சோத்தத் தின்னுட்டு அத்தான் விரலையும் தின்னுட்டான்."

சிரித்தார்கள். நானும் அங்கேயே டீ குடித்தேன். "அவன நான்தாம்ல அனுப்பினேன்" என்று சொல்ல மூச்சு எடுக்கக்கூட நேரம் ஆகாது. டீக்குச் சர்க்கரை போதவில்லை என்று சொல்லிவிட்டு வந்தேன்.

தொம்மை ஏன் வாயைத் திறக்கவில்லை என்று புரியவில்லை. என்னைக் காட்டிக் கொடுக்கலாம். என் ஷெட்டு போய்விடும் என்று பயமா? அல்லது கயிற்றை இன்னொருத்தன் கையில் கொடுத்ததே குற்றம் என்று அவனே நினைக்கிறானா? இரண்டாவதுதான் இருக்கும். முதலாவது என்றால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

பிப்ரவரி 17, ஞாயிறு

கிட்டங்கி விடுமுறை. தனியாக ஷெட்டுக்குப் போனேன். பகல் பதினொரு மணி, தகரக் கூரை கொதிக்கிறது.

வண்டி அப்படியே பனங்கட்டைகளின் மேல் நிற்கிறது. கி.பா. அந்தரத்தில், கயிற்றில். அன்று நான் கடப்பாரையில் போட்ட முடிச்சு அப்படியே இருக்கிறது. சிரட்டைகள் வரிசையாக.

சட்டையைக் கழற்றிவிட்டு அடியில் படுத்தேன். எனக்கு ஐம்பத்திரண்டு வயது, தொந்தி இடிக்கிறது. அவன் படுத்த சாக்கு. அதில் கறை. மேலே பார்த்தால் கறுப்பு இரும்பு, கிரீஸ், ஒரு விரற்கடை வெளிச்சம். கையை உயர்த்தி அந்த இடுக்கில் விட்டுப் பார்த்தேன். மணிக்கட்டு வரைதான் போகிறது. போல்ட் இருந்த துளையைத் தேடினேன். விரலுக்கு எல்லாம் ஒன்றாகவே தெரிகிறது, இரும்பு, இரும்பு, இரும்பு. கண்ணை மூடிப் பார்த்தேன். ஒன்றும் கிடைக்கவில்லை. இந்த இருட்டில் நட் எது வாஷர் எது, எந்தப் பக்கம் திருகினால் இளகும் என்று அவனுக்குச் சொன்னது அந்த இரண்டு விரலும்தான்.

தலைக்கு மேலே கனம் தொங்குகிறது. மேலே கயிற்றில் யார் என்று தெரியாமல் அப்படிக் கிடப்பது எப்படியிருக்கும் என்று நாலைந்து நிமிடம் கிடந்து பார்த்தேன். வெளியே வந்துவிட்டேன். முழங்கையில் சிராய்ப்பு. கனகத்திடம் கிட்டங்கிச் சுவரில் உரசியது என்றேன். இதற்கும் பொய்.

பிப்ரவரி 18, திங்கள்

சாத்தூரிலிருந்து கடிதம். சம்மதமாம். வீட்டில் பாயசம்.

தொம்மை புதன்கிழமை கொச்சித் தோணியில் ஏறுகிறானாம். என் உப்பு போகிற அதே தோணி. தண்டலே வந்து சொன்னார். "அக்கா வீட்டு வாசல்ல பாய சுருட்டி வெளிய வச்சிட்டா. நாலு நாளா துறையில படுத்துக் கெடக்கான். கூலி வேண்டாம், சோறு போதும், கூட்டிட்டுப் போங்கங்கான். உங்களுக்கு ஒண்ணும் ஆட்சேபம் இல்லையே அண்ணாச்சி?"

இல்லை என்றேன். அதை எப்படிச் சொன்னேன் என்பதை எழுதியாக வேண்டும். சந்தோஷமாகச் சொன்னேன். மனசுக்குள் ஒரு மூட்டை இறங்கினது போல. கொச்சிக்குப் போனால் அங்கேயே வேலை பார்ப்பான், வர ஆறு மாதம், ஒரு வருடம். அதற்குள் ஊர் மறந்துவிடும். பிறகு யாருக்குத் தெரியப் போகிறது. பாயசத்தை இரண்டாம் தரம் வாங்கிக் குடித்தேன்.

குடித்து முடித்ததும் கிணற்றடியில் போய் எல்லாம் வெளியே.

பிப்ரவரி 19, செவ்வாய்

ஆஸ்பத்திரி. நாலு சாத்துக்குடி, ஒரு ரொட்டி. மிக்கேல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். கட்டுப் போட்ட கை மடியில். பிரகாசி வீட்டுக்குக் குளிக்கப் போயிருந்தாள். அடுத்த கட்டில்காரர் தூக்கம்.

கொஞ்ச நேரம் வண்டியைப் பற்றிப் பேசினோம். கி.பா.வைக் கயிற்றில் ரொம்ப நாள் தொங்கவிடாதீங்க, அடியில் கட்டை கொடுங்க என்றான். கிளட்ச் பிளேட் மதுரையில் கிடைக்கும் என்றான். நான் தலையாட்டினேன். பிறகு சொல்லிவிட்டேன். கயிறு என் கையில் இருந்தது என்று.

அவன் ஆச்சரியப்படவில்லை. சாத்துக்குடியை இடது கையால் உருட்டிக்கொண்டிருந்தான்.

"தெரியும் அண்ணாச்சி."

"எப்படி?"

"தொம்ம பிடிச்சா கயிறு சும்மா இருக்காது. இந்தா இருக்கேன், இந்தா இருக்கேன்னு சிணுங்கிக்கிட்டே இருக்கும். பதினஞ்சு வருசப் பழக்கம். அன்னைக்குக் கொஞ்ச நேரத்துல கயிறு கல்லுல கட்டுன மாதிரி ஆயிட்டு. தொம்ம இல்லன்னு அப்பவே தெரிஞ்சிட்டு. யாருன்னு உங்க செருப்ப வச்சுத் தெரிஞ்சுகிட்டேன். கதவு பக்கம் கீழ கழட்டிப் போட்டிருந்தீக."

"தெரிஞ்சா கைய வெளிய எடுத்திருக்கலாம்லா?"

"எடுக்கத்தான் பாத்தேன்."

கட்டுப் போட்ட கையை மடியில் சரித்து வைத்துக்கொண்டான்.

"பெறகு ஏன் பிரகாசிகிட்ட சொல்லல? தொம்மைய அவ வீட்ட விட்டே தொரத்திட்டாளே."

மிக்கேல் என் முகத்தை நேராகப் பார்த்தான். "மொத நாளு வராந்தாவுல நீங்க அவகிட்ட சொன்னது எனக்குக் கேட்டுது. ஒரு காது நல்ல காதுதான. அண்ணாச்சி சொல்லல, சரி, நாம ஏன் சொல்லணும்னு இருந்துட்டேன். ரெண்டு வெரல் போனவனுக்கு ஊர்ல எவன் வேல குடுப்பான்? உங்க ஷெட்ட விட்டா எனக்கு எடம் ஏது? மச்சான் கோவிச்சுக்கிட்டுப் போனா ஒரு வருசத்துல வருவான். ஷெட்டு போனா போனதுதான்." கொஞ்சம் நிறுத்தி, "அவன் எனக்கு மவன் மாதிரி அண்ணாச்சி" என்றான். அழுதான். கண்ணைத் துடைக்க வலது கையைத் தூக்கி, கட்டைப் பார்த்துக் கீழே வைத்துக்கொண்டான்.

கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறான். படுத்த படுக்கையில், வலியோடு. நான் போட்ட அதே கணக்கு. எனக்கு இவனைக் குறை சொல்ல வாய் இல்லை. இவனை அப்படிக் கணக்குப் போட வைத்தவன் நான்.

ஷெட் மூலை எந்நாளும் அவனுக்குத்தான் என்று சொன்னேன். எழுதியும் தருகிறேன் என்றேன். பிரகாசியிடம் நானே போய்ச் சொல்கிறேன் என்றேன். பயந்துபோனான்.

"உங்க கை விசயத்த மட்டும் சொல்லுங்க. எனக்குத் தெரியும்ங்கத சொல்லிராதீங்க. அவ என்ன மன்னிக்க மாட்டா."

பிப்ரவரி 20, புதன்

தோணி பத்து மணிக்கு. எட்டு மணிக்கே பிரகாசி வீட்டு வாசலில் நின்றேன். உள்ளே கூப்பிட்டாள். போகவில்லை. வாசலிலேயே வைத்துச் சொன்னேன். தொம்மையை அனுப்பியது நான், கயிறு பிடித்தது நான், கயிற்றிலிருந்து ஒரு கையை எடுத்தது நான், எதற்காக எடுத்தேன் என்பதும். துண்டு, விரல், கருவாடு, எல்லாம். பக்கத்து வீட்டுப் பெண் தண்ணீர்க் குடத்தோடு நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். கேட்கட்டும் என்றிருந்தேன்.

திட்டுவாள் என்று நினைத்தேன். "என் தம்பிய அடிச்சேனே" என்றாள். திரும்பத் திரும்ப அதையே. பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு, "தோணி எத்தன மணிக்கு?" என்றாள்.

ரிக்‌ஷாவில் போனோம். அவள் ஒரு ஓரத்தில், நான் மறு ஓரத்தில். துறையில் கடைசி மூட்டைகள் ஏறிக்கொண்டிருந்தன. என் உப்பு. தொம்மை மேல்தட்டில் பாயைக் கட்டிக்கொண்டிருந்தான். அக்காவைக் கண்டதும் மறுபக்கம் திரும்பிக்கொண்டான்.

"இங்கன வச்சுச் சொல்லுங்க அண்ணாச்சி" என்றாள் பிரகாசி. "எல்லாருக்கும் கேக்கட்டும். எல்லாரும்தான அவன ஏசினாவ."

சொன்னேன். லோடுமேன்கள் முப்பது பேர், தண்டல், உப்பு எடை போடுகிற பையன்கள், கிட்டங்கிக்காரர்கள் இரண்டு பேர். இதே துறையில் தலையில் சாக்கு போட்டுக்கொண்டு நின்றவன் நான், இவர்களில் பாதிப் பேருக்கு அது தெரியும். தண்டல், "சத்தமா அண்ணாச்சி, காத்து கொண்டு போவுது" என்றார். சத்தமாகச் சொன்னேன். ஒருத்தன் காறித் துப்பினான். வெற்றிலையாகவும் இருக்கலாம்.

தொம்மை வெகுநேரம் அங்கேயே நின்றான். பிறகு பலகை வழியாக இறங்கி வந்தான். எனக்கு முன்னால் நின்று, "நான் கயித்தக் குடுத்திருக்கக் கூடாது" என்றான். அவ்வளவுதான் என்னிடம் பேசியது.

பிரகாசி அவன் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள், அடித்த பக்கம். அவன் தலையைச் சாய்த்துக்கொண்டான். முப்பது வயது ஆள்.

வீட்டுக்குக் கிளம்புகிற நேரம் அவள் என் பக்கம் திரும்பினாள். கண்ணில் ஈரம் காய்ந்திருந்தது. சாதாரணமாகத்தான் கேட்டாள், மீன் விலை கேட்கிற மாதிரி.

"அண்ணாச்சி, கயிறு மாறினது அவியளுக்குத் தெரியுமா?"

தொம்மை தரையைப் பார்த்தான். அவனுக்குத் தெரியும், மிக்கேலுக்குத் தெரியாமல் இருக்காது என்று. பதினைந்து வருடம் அந்தக் கயிற்றின் மறுமுனையில் இருந்தவன்.

"தெரியாதும்மா" என்றேன்.

அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் கண்ணை எடுக்கவில்லை. அது எனக்கு வரும்.

"வாக்கா" என்றான் தொம்மை. "அத்தான் இன்னும் சாப்பிட்டிருக்க மாட்டாவ."